லிஃப்ட் ரிப்பேரான மாசம்

அண்ணா வணக்கம்,

ரொம்ப நாளா உங்க சைட் படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை. பையனுக்கு 15 வயசு. ஆறேழு மாசமா ஆளே மாறிட்டான். ஸ்கூல் விட்டு வந்தா ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கறான், எது கேட்டாலும் ஒத்த வார்த்தைல பதில். உடம்பு அசைஞ்சாத்தான் மனசு சரியாகும்னு எல்லாரும் சொல்றாங்க, அதனால ஒரு டைம்டேபிள் போட்டிருக்கேன். காலைல 5 மணிக்கு நீச்சல், 7.30-க்கு ஸ்கூல், சாயங்காலம் டியூஷன், 9 மணிக்கு வீடு, சாப்பிட்டுட்டு 11.30 வரைக்கும் படிப்பு. ஸ்டெப்ஸ் எண்ற வாட்ச் ஒண்ணும் வாங்கித் தரலாம்னு இருக்கேன். ஜிம்ல சேர்க்கலாமா? இந்த வயசுல வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடுமா? ப்ரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா? போனைப் பிடுங்கி வச்சிடவா? நல்ல பையன்தாண்ணா, ரொம்ப செல்லம், தண்ணிகூட அவனா எடுத்துக் குடிக்க மாட்டான், அவங்க அம்மாதான் கைல கொண்டுபோய்க் கொடுக்கணும். சின்னவளுக்கு 13, அவளைப் பத்திக் கவலை இல்ல, வீட்டோட இருப்பா.

*

தம்பி,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை பாவமா இருந்துச்சு, ரெண்டாவது தடவை கோபம் வந்துச்சு, மூணாவது தடவை என் பழைய டைம்டேபிள் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஆறேழு மாசமா ஒரு பையன் எதுலயும் பிடிப்பில்லாம கதவைச் சாத்திக்கிட்டு இருக்கான்னா, டாக்டர்கிட்டயோ கவுன்சிலர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க. நீச்சலுக்கு முன்னாடி அதைப் பண்ணுங்க. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, அவன் மேல தப்பும் இல்ல.

அப்புறம் உங்க டைம்டேபிள். 5 மணிக்குத் தண்ணில இறங்கணும்னா 4.30-க்கு எழுப்பணும், 11.30-க்குப் படுக்கறான். எண்ணிப் பாத்தீங்களா? அஞ்சு மணி நேரம். 13-லேர்ந்து 18 வயசு வரைக்கும் 8-லேர்ந்து 10 மணி நேரம் தூங்கணும்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-லயே சொல்லியாச்சு. அந்த வயசுல உடம்போட கடிகாரமே பின்னால தள்ளிப்போகுது, தூக்கத்துக்கான மெலட்டோனின்ங்கற ஹார்மோன் லேட்டாத்தான் சுரக்குது, சோம்பேறித்தனம்னு நீங்க திட்டறதுல பாதி அதுதான். அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல 2016-ல ஹைஸ்கூல் ஆரம்பிக்கற நேரத்தை 7.50-லேர்ந்து 8.45-க்கு மாத்தினாங்க, பசங்க நைட்டு இன்னும் லேட்டாப் படுப்பாங்கன்னு பயந்தாங்க, ஆனா பாத்தா தினம் 34 நிமிஷம் கூடுதலாத் தூங்கியிருக்காங்க. நீங்க என்னடான்னா மனசு சரியாகணும்னு சொல்லிட்டு மனசைச் சரி பண்ற தூக்கத்துலயே கை வைக்கறீங்க.

வெயிட் தூக்கறது, ஒழுங்கா சொல்லிக்கொடுக்க பக்கத்துல ஆள் இருந்தா வளர்த்தி ஒண்ணும் நிக்காது. பவுடர் வேண்டாம். போனா? ஆர்பன், ஷிபில்ஸ்கினு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2019-ல மூணரை லட்சம் பசங்களோட டேட்டாவை அலசிப் பாத்தாங்க, பசங்களுக்குள்ள மனநலத்துல இருக்கற ஏற்ற இறக்கத்துல ஸ்க்ரீன் கணக்குல வர்றது அதிகபட்சம் 0.4 சதவீதம், அதே டேட்டாவுல கண்ணாடி போடறதுக்கு இதைவிடப் பெரிய தொடர்பு இருந்துச்சு. கண்ணாடியைப் பிடுங்குவீங்களா? நைட்டு மட்டும் போன் ரூமுக்கு வெளிய தூங்கட்டும், போதும்.

இப்ப அந்த வாட்ச்சுக்கு வர்றேன். நானும் வாங்கினேன் தம்பி. என் பொண்ணுக்கு அப்ப 14. நாலு கலர் ஸ்கெட்ச் பேனால டைம்டேபிள் போட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி, தினம் பத்தாயிரம் ஸ்டெப்ஸ்னு டார்கெட். (அந்தப் பத்தாயிரமே ஜப்பான்ல 1965-ல ஒரு பெடோமீட்டரை விக்கறதுக்கு வச்ச பேர்தான், ‘பத்தாயிரம் அடி மீட்டர்’னு. இது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது.) முதல் வாரம் நாலாயிரம் அஞ்சாயிரம்னு வந்துச்சு, அடுத்த வாரம் திடீர்னு பதினோராயிரம், எனக்கு ஒரே பெருமை, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். ஒருநாள் நைட்டு பத்தரைக்கு அவ ரூமைத் தாண்டிப் போறேன், மல்லாக்கப் படுத்துக்கிட்டு, இடது கைல போன், வலது கை மட்டும் மணிக்கட்டுலேர்ந்து கீழ ஆடுது, ஆடுது, ஆடிக்கிட்டே இருக்குது. என்னைப் பாத்தா. நிறுத்தவே இல்ல. “இன்னும் 900 இருக்குப்பா, முடிச்சிட்டுத் தூங்கறேன்”னா.

கத்தினேன். அவ வாட்ச்சைக் கழட்டி என் கைல கொடுத்துட்டு, “உனக்கு நம்பர்தானே வேணும், நீயே ஆட்டிக்கோ”ன்னுட்டா. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எங்களுக்குள்ள பேச்சே சரியா இல்ல.

அப்புறம் எங்க பில்டிங்ல லிஃப்ட் ரிப்பேராச்சு. நாங்க நாலாவது மாடி. ஏதோ பார்ட் வரணும் வரணும்னு சொல்லி 26 நாள் இழுத்தாங்க. அஞ்சாவது மாடில தனியா ஒரு அம்மா இருந்தாங்க, முட்டி வலி, இறங்க முடியாது. அவங்க பேப்பரும் பார்சலும் கீழயே கிடக்குதுன்னு பொண்ணை அனுப்பினேன். மொதல் நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் போனா. நாலஞ்சு நாள் கழிச்சு பாத்தா அவளே, “மேல ஏதாவது வேணுமான்னு கேட்டுட்டு வர்றேன்”னு கிளம்பறா. ரெண்டாவது மாடில அவ வயசுப் பொண்ணு ஒருத்தி, ஒரே ஸ்கூல், வேற செக்‌ஷன், மூணு வருஷமா ஒரே லிஃப்ட்ல போய்ட்டு வந்தும் ஒரு வார்த்தை பேசினதில்ல. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல படி திரும்பற இடத்துல ரெண்டும் உக்காந்துக்கும். ஒருநாள் ரெண்டு கைலயும் பையோட மூச்சு வாங்கிக்கிட்டு ஏறிவர்றேன், பேச்சை நிறுத்தாம, என்னை நிமிர்ந்தும் பாக்காம, ரெண்டு பேரும் ஒண்ணா காலை மட்டும் மடக்கி எனக்கு வழி விட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்த மாசம் பத்து மணிக்கெல்லாம் தானா தூங்கினா.

படி ஏறினதா, ஃப்ரெண்டு கிடைச்சதா, ஒருத்தருக்கு நாம வேணும்ங்கற நினைப்பா? மூணும் ஒண்ணாத்தான் வந்துச்சு, நான் பிரிச்சுப் பாக்கல.

ஆனா ஒண்ணு சொல்லணும், எனக்கு இதுல ஒரு பிடிவாதம் உண்டு. ‘ஆக்டிவிட்டி’ன்னதும் நம்ம ஆளுங்களுக்கு கோச், யூனிஃபார்ம், கப்பு, மெடல்தான் ஞாபகம் வருது. இங்கிலாந்துல 4,257 பசங்களுக்கு 12, 14, 16 வயசுல உடம்புல கருவி மாட்டி அசைவை அளந்து, 18 வயசுல மனச்சோர்வு எவ்வளவுன்னு பாத்தாங்க, 2020-ல வந்துச்சு. அதுல எடுபட்டது ஓட்டமும் இல்ல குதியும் இல்ல, மெதுவா நடக்கறது, வீட்டு வேலை செய்யறது மாதிரியான சின்னச் சின்ன அசைவு. 12 வயசுல அது தினம் ஒரு மணி நேரம் கூட இருந்த பசங்களுக்கு 18-ல மனச்சோர்வு ஸ்கோர் 10 சதவீதம் கம்மி. இதனாலதான் அதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, சோர்ந்துபோன புள்ள அசையாதுங்கறதும் உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் கேக்கற தினம் சராசரி 60 நிமிஷ நல்ல அசைவும் வேணும், வாரத்துல மூணு நாள் எலும்புக்கும் தசைக்கும் வேலை வேணும், நீச்சல் நல்லதுதான், சாயங்காலம் போகட்டும், ஒரு டியூஷனை வெட்டுங்க. ஆனா அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர மிச்ச நேரம் பூரா அவன் என்ன பண்றான்? தண்ணி கைக்கு வருது, துணி மடிச்சு வருது, தட்டு தானா காணாமப் போகுது. எழுந்திரிக்க ஒரு காரணம் விட்டு வச்சிருக்கீங்களா அந்த வீட்ல? அதையெல்லாம் பிடுங்கிட்டு, விடியக்காலைல காசு கொடுத்து அசைவு வாங்கப் போறீங்க! செல்லமாம். நாளைக்கே அந்த டம்ளரை அவனே எடுக்கட்டும், அப்படியே உங்களுக்கும் ஒண்ணு கொண்டுவரட்டும், நீங்க மார்க் கேக்காம வாங்கிக் குடிங்க.

கடைசியா எழுதின வரிக்கு வர்றேன், நிஜமா கோபம் வந்தது அதுலதான். “சின்னவ வீட்டோட இருப்பா, கவலை இல்ல.” 146 நாட்டுல 11-லேர்ந்து 17 வயசு வரைக்கும் 16 லட்சம் பசங்களோட 2016 வரைக்குமான கணக்கை எடுத்தாங்க. போதுமான அசைவு இல்லாத பையனுங்க 77.6 சதவீதம், பொண்ணுங்க 84.7. வீட்டோட இருக்கற எத்தனை பொண்ணுங்களைப் பத்தி எத்தனை அப்பாங்க கவலை இல்லன்னு எழுதியிருப்பாங்களோ. இல்ல, அவ வீட்ல சும்மா இல்ல, கூட்டிப் பெருக்கறா, அண்ணனோட தட்டையும் அவதான் எடுக்கறான்னு சொல்லப்போறீங்களா? அது அவ்வளவு நல்லதுன்னா பாதியை அவனுக்குக் கொடுங்க.

பையனைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க, அவளைப் பத்தி ஒரே வரி. அடுத்த தடவை எழுதும்போது அவ கடைசியா எப்ப மூச்சு வாங்க ஓடினா, கூட யார் ஓடினாங்கன்னு எழுதுங்க. அவங்க அம்மாகிட்ட கேக்காதீங்க, அவகிட்டயே கேளுங்க.