போட்டோ குவியலும் தேதிக் குழப்பமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையிலிருந்து வந்தவை. பல வருஷப் படங்கள் பல இடங்களில் கிடக்கின்றன, எந்த மென்பொருளில் போட்டால் சரியாகும்? நான் முதலில் பார்ப்பது வேறு ஒன்றை. நீங்கள் உட்கார்ந்து எழுதிய பெயர், தேதி, டேக் (தேடுவதற்காகக் கொடுக்கும் குறிச்சொல்) எல்லாம் படத்துக்குள்ளேயே பதிகிறதா, அந்த மென்பொருளுக்குள் மட்டும் இருக்கிறதா?

கேள்வி: பழைய கேமரா, மூன்று போன், இரண்டு ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் படம் இருக்கும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

எதையும் அழிக்காமல் ஆரம்பியுங்கள். எல்லாவற்றையும் ஒரே பெரிய டிஸ்க்குக்குக் கொண்டுவாருங்கள், ஆனால் எந்தக் கருவியிலிருந்து வந்ததோ அதன் பெயரில் தனித்தனி ஃபோல்டராக, ஏனென்றால் பெரும்பாலான கேமராக்கள் படத்துக்கு நான்கு இலக்க எண்தான் வைக்கின்றன, 9999 முடிந்ததும் திரும்ப 0001 வந்துவிடும், இரண்டு கேமராப் படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒரே பெயரில் இரண்டு வேறு படங்கள் மோதும், பழையதை மாற்றவா என்று கணினி கேட்கும்போது அவசரத்தில் சரி என்று அழுத்தினால் ஒன்று போயே போய்விடும். இப்படிச் சேர்த்த டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான்.

ஃபோல்டருக்கு வருஷம், அதற்குள் மாதம், இவ்வளவு போதும். பயணம், குடும்பம், நண்பர்கள் என்று பிரிக்க ஆரம்பித்தால், நண்பர்களோடு குடும்பமாகப் போன பயணத்தை எதில் வைப்பீர்கள்? அந்தப் பிரிவெல்லாம் டேக் பார்த்துக்கொள்ளும். எடுத்த தேதி ஒரு படத்துக்கு ஒன்றுதான். அதையும் 2014-08-23 என்று வருஷத்திலிருந்து எழுதுங்கள், பெயர் வரிசையே கால வரிசையாக வந்துவிடும். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 23-ஆம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும்.

இதைக் கையால் செய்ய வேண்டாம். கேமராவும் போனும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் எடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதிவைக்கின்றன. டிஜிகேம் என்ற மென்பொருள் அதைப் படித்துப் படங்களைத் தேதிவாரியாகப் பிரித்து, பெயரும் மாற்றித் தரும். இலவசம்தான், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கட்டளையைத் தட்டச்சு செய்து வேலை வாங்கப் பயப்படாதவர் என்றால் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள். ஃபில் ஹார்வி என்பவர் 2003-ல் வெளியிட்டது, நாற்பதாயிரத்தையும் ஒரே கட்டளையில் பிரித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் ஃபைல் உருவான தேதி என்று காட்டுவதை வைத்துப் பிரிக்காதீர்கள். நகலெடுத்தாலே அது மாறிவிடும். படம் எடுத்த தேதி என்று தனியாக ஒரு பத்தி உண்டு, அதுதான் எக்ஸிஃப் தேதி.

கேள்வி: பிகாசாவில் ஆயிரக்கணக்கான முகங்களுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். புதுக் கணினியில் எதுவும் வரவில்லை. எல்லாம் போனதுதானா?

போகவில்லை, பழைய கணினியையோ அதன் டிஸ்க்கையோ தூக்கிப் போடாமல் இருந்தால். கூகுள் தன் படம் அடுக்கும் மென்பொருளான பிகாசாவை 2016-ல் நிறுத்திவிட்டது, ஆனால் ஏற்கெனவே நிறுவியிருந்த பிரதி அந்தக் கணினியில் இன்னும் திறக்கும். பிகாசா 3.9-ல் முகப் பெயர்களைப் படத்துக்குள்ளேயே எக்ஸ்எம்பி என்ற தகவல் முறையில் எழுதும் வசதி இருக்கிறது. பழைய கணினியில் அதை ஓடவிட்டு, அப்புறம் படங்களை நகலெடுங்கள். டிஜிகேம் அந்தப் பெயர்களைப் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் பிகாசா மறைத்து வைத்திருக்கும் ஐஎன்ஐ ஃபைல்களையும் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், நீங்கள் செய்த திருத்தங்களின் பதிவு அவற்றில்தான் இருக்கிறது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் மட்டும் தேதி மாறி எங்கெங்கோ போய் நிற்கின்றன. ஏன்?

சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எக்ஸிஃப் தகவலையும் நீக்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயரில் தெரியும் தேதி படம் உங்களுக்கு வந்த நாள், எடுத்த நாள் அல்ல. பத்து வருஷப் பழைய படத்தை யாராவது நேற்று அனுப்பினால் நேற்றைய தேதிதான் இருக்கும். இவற்றைத் தனி ஃபோல்டரில் வையுங்கள், முக்கியமானவற்றுக்கு மட்டும் தேதியைக் கையால் திருத்துங்கள். இனிமேல் கேட்டு வாங்கும்போது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், மூலப் படம் தேதியோடு அப்படியே வரும்.

கேள்வி: கேமராவில் வருஷம் தப்பாக இருந்தது. ஒரு பயணம் முழுக்க அப்படியே எடுத்துவிட்டேன்.

கவலை வேண்டாம். சரியான நேரம் தெரிந்த ஒரு படத்தை வைத்து எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கிட்டு, மொத்தப் படங்களின் நேரத்தையும் அதே அளவு நகர்த்திவிடலாம். டிஜிகேமிலும் எக்ஸிஃப்டூலிலும் இந்த வசதி இருக்கிறது.

கேள்வி: டேக்குகளைத் தமிழில் எழுதலாமா? பாதியில் வெட்டுப்படுகிறது.

தாராளமாக எழுதுங்கள். நம் வீட்டுப் படத்தை நம் மொழியில் தேட முடியாவிட்டால் அடுக்கிவைத்து என்ன பயன்? வெட்டுப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐபிடிசி என்ற பழைய முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும், அதுவும் 'கோ' போல உயிர்மெய் என்றால் ககரத்துக்கு மூன்று, கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து இன்னொரு மூன்று. 'தங்கச்சி கல்யாண வரவேற்பு' என்று எழுதினாலே 68 பைட், எல்லை தாண்டிவிட்டது. 2001-ல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி முறையில் இந்த எல்லை இல்லை. உங்கள் மென்பொருளின் அமைப்பில் டேக்குகளை எக்ஸ்எம்பி-யிலும் எழுதச் சொல்லுங்கள், படிக்கும்போதும் அதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

நீளமான டேக்கே வேண்டாம் என்பதும் என் கருத்து. 'தங்கச்சி' ஒரு டேக், 'வரவேற்பு' ஒரு டேக். தேடும்போது இரண்டையும் சேர்த்துத் தேடலாம், தனித்தனியாகவும் தேடலாம். கல்யாணமா திருமணமா என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள், இரண்டும் கலந்தால் பாதிப் படம் கண்ணில் படாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதிய குறிப்புகள் இருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும், கணினிக்கு அது தமிழே அல்ல.

கேள்வி: லைட்ரூமில் ஃபோல்டர் மேலெல்லாம் கேள்விக்குறி.

ஃபோல்டரை வெளியே நகர்த்தியிருப்பீர்கள். படத் திருத்த மென்பொருளான லைட்ரூமின் கேட்லாக்கில், அதாவது அதன் பட்டியலில், இருப்பது படம் அல்ல, அதன் முகவரி. திரும்ப இறக்குமதி செய்யாதீர்கள், திருத்தம் எதுவும் இல்லாத புதுப் படங்களாக வந்து நிற்கும். அந்த ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கு செய்து புது இடத்தைக் காட்டுங்கள். கையோடு கேட்லாக் அமைப்பில் மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பி-யில் எழுதும் தேர்வையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரே படம் நான்கைந்து இடத்தில். தானாக அழிக்கும் மென்பொருளை நம்பலாமா?

கண்டுபிடிக்க நம்பலாம், அழிக்க நம்பாதீர்கள். ஒருமுறை நான் அப்படி விட்டதில், சுருங்கிய நகல்கள் தங்கி மூலப் படங்கள் சில போய்விட்டன, அவை திரும்பக் கிடைக்கவில்லை. பைட்டுக்கு பைட் ஒன்றாக இருப்பதைத் தேடுவது ஒரு வகை, அதில் ஆபத்து குறைவு. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதைத் தேடுவது இன்னொரு வகை, அதில் மூலப் படமும் வாட்ஸ்அப் நகலும் ஒரே ஜோடியாக வரும், அடுத்தடுத்து எடுத்த இரண்டு வேறு படங்கள்கூட வரும். அங்கே ஃபைல் அளவையும் எடுத்த தேதியையும் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள். டூப்குரு என்ற மென்பொருள் இரண்டு வகையும் செய்யும்.

கேள்வி: எல்லாம் கூகுள் போட்டோஸில் இருக்கிறது. தனியாக பேக்கப் வேண்டுமா?

வேண்டும். அங்கே இருப்பது உங்கள் போனோடு இணைந்த பிரதி, ஒரு இடத்தில் அழித்தால் இன்னொரு இடத்திலும் போய்விடலாம். 2021 ஜூன் 1-க்கு முன் இலவசத் தேர்வில் ஏற்றியிருந்தால் அவை சுருக்கப்பட்டவை, 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படம் அந்த அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்கும், ஆகவே பழைய டிஸ்க்கில் மூலம் இருந்தால் அதுதான் உங்கள் அசல். ஒளிப்படக்காரர் பீட்டர் க்ரோக் சொன்ன 3-2-1 கணக்கு போதும்: மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. மேகத்தில் இருப்பது அந்த வெளிப் பிரதியாக இருக்கட்டும்.

கூகுளின் டேக்அவுட் என்ற சேவை மூலம் படங்களை இறக்கினால் படத்தோடு ஜேசன் என்ற தகவல் ஃபைல்களும் வரும். நீங்கள் அங்கே திருத்திய தேதியும் எழுதிய விளக்கமும் அவற்றில்தான் இருக்கும், படத்துக்குள் இருக்காது. எக்ஸிஃப்டூல் கொண்டு படத்துக்குள் எழுதி முடித்து, பத்துப் பதினைந்து படங்களைத் திறந்து சரிபார்த்த பிறகு ஜேசனை நீக்குங்கள்.