ஸ்கூல் திறக்கப் போகிறது, ஓனர் ரிப்பேர் செய்து தரவில்லை: வாடகையில் கழிக்கலாமா?

கேள்வி: பிள்ளைகளின் ஸ்கூல் பக்கம் என்பதற்காகவே மே முதல் வாரம் பெங்களூரில் மாரத்தஹள்ளியிலிருந்து ராமமூர்த்தி நகருக்குக் குடிவந்தோம். வாடகை 24,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். பிள்ளைகள் ரூமில் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கிச் சுவரெல்லாம் ஓதம், ப்ளக் பாயிண்ட்டில் தீப்பொறி வருகிறது. ஸ்கூல் திறப்பதற்குள் சரிசெய்து தருவதாக வாட்ஸ்அப்பில் கன்னடத்தில் பேசி அனுப்பிய ஓனர், இப்போது மழை முடியட்டும் என்கிறார். அக்ரிமெண்ட்டும் போடவில்லை, ஸ்கூலில் முகவரிக்கு அதைத்தான் கேட்கிறார்கள். வாடகையை நிறுத்தினால் வழிக்கு வருவார் என்கிறார் புரோக்கர். நாங்களே செய்து கழித்துக்கொள்ளலாமா?

பதில்: வாடகையை நிறுத்தாதீர்கள். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது நீங்களாகவே வாடகை பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள், ஓனர் வக்கீலுக்கு அது ஒன்று போதும். நீங்களே செய்து கழிப்பது வேறு விஷயம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் அக்ரிமெண்ட்டை முடித்தாக வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். 1999-ம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பொருந்தாது, அதனால் உங்களுக்கு 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் உங்களுடையது மாதாமாதம் ஓடும் வாடகை, 106-வது பிரிவுப்படி 15 நாள் நோட்டீஸில் ஓனர் அதை முடித்துக்கொள்ளலாம். நோட்டீஸ் கொடுத்த கையோடு சாமானைத் தூக்கி வெளியே வைக்க முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், சரி. ஆனாலும் ஸ்கூல் தொடங்கிய மாதத்தில் இன்னொரு வீடு தேடும் கவலை உங்களுக்கு வேண்டாம்.

ஆகவே இந்த வாரமே 11 மாத அக்ரிமெண்ட்டை இ-ஸ்டாம்ப்பில் போடுங்கள். (ஒரு வருடத்தைத் தாண்டினால் பத்திரப் பதிவு கட்டாயம், எல்லோரும் 11 மாதம் போடுவது அதனால்தான்.) ஸ்கூலில் அட்மிஷன் நிற்கிறது என்று கேளுங்கள், அதற்கு மறுப்பு சொல்வது அவருக்கும் கஷ்டம். அதில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: மாடி ஒழுகலையும் அந்த ரூம் வயரிங்கையும் இன்ன தேதிக்குள் ஓனர் தன் செலவில் சரிசெய்வார், செய்யாவிட்டால் நீங்கள் செய்து வாடகையில் கழிப்பீர்கள். புரோக்கர் கொண்டுவரும் அச்சுப் படிவத்தில் ‘உள் ரிப்பேர் எல்லாம் வாடகைதாரர் செலவு’ என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டு இருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். சாதாரண வரிதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரைக்கும்தான் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும்.

அந்தப் பிரிவின் (எஃப்) உட்பிரிவு சொல்வது இதுதான்: ஓனர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை, நீங்கள் தெரிவித்த பிறகும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், நீங்களே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். ‘கடமைப்பட்ட’ என்ற சொல்லில்தான் வழக்கே நிற்கிறது. வீட்டில் வரும் எல்லா ரிப்பேரும் தானாக ஓனர் தலையில் விழுவதில்லை, அவர் வாக்குக் கொடுத்ததைக் காட்ட வேண்டும். அந்த வாட்ஸ்அப் குரல் பதிவு அதனால்தான் தங்கம் மாதிரி. அதை அழிக்காதீர்கள், அது வந்த போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டில் காட்ட நேர்ந்தால் சாட்சியங்களுக்கான 2023-ம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். ஓனர் அக்ரிமெண்ட்டே போட மறுத்தாலும் அந்தப் பதிவை வைத்து நோட்டீஸ் அனுப்பலாம்.

நோட்டீஸை அவர் படிக்கும் மொழியில், பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, கோளாறு என்ன, செலவு எவ்வளவு என்று எழுதி வாங்கி, போட்டோவோடு இணைத்து, வயரிங்குக்கு ஏழு நாள் கெடு கொடுங்கள். தீப்பொறி விஷயத்தில் அது குறைவான கெடு இல்லை. கெடு முடிந்தால் வேலையைச் செய்து, பில் நகலோடு கழித்த தொகையை எழுதித் தெரிவித்து, மீதி வாடகையை வழக்கமான தேதியில் பேங்க் வழியாகவே அனுப்புங்கள். தொகை பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று மாதமாகப் பிரித்துக் கழிப்பது நல்லது. மாடியில் மட்டும் அவர் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைவைக்க வேண்டாம், அது உங்கள் வாடகைக்குள் வராத இடமாக இருந்தால் அத்துமீறல் என்று புகார் கொடுத்துவிடுவார். அதற்கு நோட்டீஸ், அப்புறம் தேவைப்பட்டால் சிவில் கோர்ட்.

இதெல்லாம் நடந்து முடியச் சில வாரம் ஆகும். இன்று இரவே அந்த ரூமின் எம்சிபியை (மெயின் போர்டில் அந்த ரூமுக்குக் கரண்ட்டை நிறுத்தும் சுவிட்சை) இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளை ஹாலில் படிக்க வையுங்கள்.