வெளிநாட்டில் தன்னார்வக் கால்நடை மருத்துவப் பணி: மகளை அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், பட்டம் பெற்ற கையோடு ஆப்பிரிக்க நாடுகளில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களுக்குத் தன்னார்வலராகச் செல்ல விரும்புகிறார் என்றும், அதனால் அரசு வேலை கைநழுவிப் போய்விடுமோ என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் முதலில் கைத்திறன், அதன் பிறகே பயணம் என்ற வரிசையை அவர் மாற்றக் கூடாது.

இதைப் பொழுதுபோக்குச் சேவை என்று தாங்கள் எண்ண வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறக்கிறார்கள். அவர்களில் பத்தில் நால்வர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள். மனிதர்களுக்கு இந்நோய் வருவது 99 விழுக்காடு நாய்களால்தான் என்பதால், ஓர் ஊரிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஆண்டு தவறாமல் ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். 2013இல் தொடங்கப்பட்ட 'மிஷன் ரேபிஸ்' என்ற தொண்டு அமைப்பு இவ்வழியில்தான் கோவாவிலும் மலாவி நாட்டின் பிளான்டயர் நகரிலும் பணியாற்றியது. கோவா 2021இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய தடுப்பூசி முகாம்களில் தன்னார்வலரின் வேலை பெரும்பாலும் நடைதான். வீடு வீடாகச் செல்ல வேண்டும். பிடிபடாத நாயை வலை வீசிப் பிடித்து, தோலுக்கடியில் ஊசி போட்டு, மேலே வண்ணக் குறியிட்டு, கைபேசிச் செயலியில் பதிந்துவிட்டு அடுத்த தெருவுக்கு நகர வேண்டும்.

அறுவை சிகிச்சை முகாம்களின் கதை வேறு. பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும்போது சூலக இரத்தக்குழாயில் போடும் முடிச்சு நழுவினால், வெளியே தையல் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே இரத்தம் கசிந்து நாய் இறந்துவிடும். அந்த முடிச்சைப் புத்தகம் கற்றுத் தராது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, மீண்டும் மீண்டும் போட்டுத்தான் பழக வேண்டும். அதற்கு மலாவி வரை போக வேண்டியதில்லை. பிரிட்டன் கால்நடை மருத்துவர் லூக் கேம்பிள் 2003இல் தொடங்கிய 'வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸ்' நம் ஊட்டியிலேயே பன்னாட்டுப் பயிற்சி மையம் நடத்துகிறது. மூத்த மாணவர்களும் இளம் மருத்துவர்களும் கருத்தடை அறுவை சிகிச்சையை அங்கு முறையாகப் பழகுகிறார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் தேடி வரும் மையம் பக்கத்திலேயே இருக்க, நம் பிள்ளைகளில் பலர் அதை அறியாமலே படிப்பை முடித்துவிடுகிறார்கள்.

நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் முடித்து, கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த பிறகே தங்கள் மகள் சட்டப்படி தனித்து மருத்துவம் பார்க்க முடியும். அப்பதிவு பிற நாடுகளில் தானாகச் செல்லாது. அந்தந்த நாட்டு மன்றத்தின் தற்காலிக அனுமதியை அழைக்கும் அமைப்பு பெற்றுத் தர வேண்டும். சான்றிதழ் எதையும் கேட்காமல், கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மாணவரிடமே கத்தியைக் கொடுக்கும் அமைப்பு ஏதேனும் எதிர்ப்பட்டால், அதன் படங்கள் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

செலவையும் மறைக்க விரும்பவில்லை. விமானக் கட்டணம் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் போகும். பல அமைப்புகள் தங்குமிடத்துக்கும் பணம் கேட்கும். தேர்வாணையம் நடத்தும் கால்நடை உதவி மருத்துவர் தேர்வில் இப்பணிக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. ஆனால் தொண்டு நிறுவனங்களிலும் நாய்க் கருத்தடை மையங்களிலும் வேலை தேடும்போதும், கால்நடைப் பொது சுகாதாரத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்த அனுபவம் நன்றாகவே பேசும். தேர்வு அறிவிப்பு ஆண்டுதோறும் தவறாமல் வருவதில்லை என்பதால், ஓராண்டு முழுவதையும் ஒதுக்காமல் சில வாரப் பயணங்களாகப் பிரித்துக்கொண்டால் அரசு வேலைக்கான வாய்ப்பும் கெடாது.

நாய்க்கடி பற்றிய தங்கள் அச்சம் நியாயமானதே. உடல்நலமுள்ளவருக்கு முன்தடுப்பு ஊசி ஒரு வார இடைவெளியில் இரண்டு தவணை போதும். அதன் பிறகும் கடிபட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஒன்றும் மூன்றாம் நாள் ஒன்றுமாக இரண்டு ஊசிகள் போட வேண்டும். தங்கள் மகள் இதுவரை போட்டிருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால், அடுத்த விடுமுறையில் ஊட்டிப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.