சுமோ ரோபோவுக்கு எந்த டயர்?

கேள்வி: எங்கள் அணியின் மினி சுமோ ரோபோ 500 கிராம் எடை, இரண்டு சக்கரம், முன்னால் சாய்வான பிளேடு. எதிராளி ரோபோவைக் களத்துக்கு வெளியே தள்ளும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. இன்னும் பெரிய மோட்டார் போடலாமா? அல்லது டயரை மாற்ற வேண்டும் என்றால் ரப்பர், சிலிகோன், பாலியூரித்தேன் மூன்றில் எது நல்லது?

பதில்: மோட்டாரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சக்கரம் சுழல்கிறது என்றாலே மோட்டாரிடம் தேவைக்கு மேல் வலு இருக்கிறது, பிடிப்புதான் போதவில்லை என்று அர்த்தம். பெரிய மோட்டார் போட்டால் இன்னும் வேகமாக வழுக்கும், அவ்வளவுதான்.

டயருக்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் 500 கிராமில் எவ்வளவு சக்கரத்தின் மேல் இருக்கிறது? சக்கரம் இரண்டையும் எடைத்தராசில் வைத்து, பிளேடை அதே உயரத்தில் வேறு எதன் மீதாவது தாங்கிப் பாருங்கள். தராசு 350 கிராம் காட்டினால், மீதி 150 கிராமைப் பிளேடு சும்மா தரையில் இழுத்துக்கொண்டு போகிறது. எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் அந்தப் பங்கு திரும்ப வராது. பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளி, சக்கர அச்சுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். பிளேடு தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும்.

இனி டயர். பொருளின் பெயரைவிட மென்மைதான் முக்கியம். ரப்பர் மாதிரிப் பொருள்களின் மென்மையை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். எண் குறையக் குறைய மென்மை கூடும். கார் டயர் ஏறக்குறைய 60 முதல் 70. வழவழப்பான சுமோ களத்துக்கு 20 முதல் 30 வரை உள்ளதைத் தேடுங்கள். 3டி பிரிண்டரில் டிபியு என்ற வளையும் பிளாஸ்டிக் இழையால் டயர் அச்சிடப் பலர் ஆசைப்படுகிறார்கள். வழக்கமாகக் கிடைக்கும் டிபியு 95 ஏ, அதாவது கிட்டத்தட்ட பிளாஸ்டிக். சுமோவுக்கு அது வேண்டாம்.

மென்மையான பொருள் களத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கி ஒட்டி உட்காருகிறது. இன்னொன்று: ரப்பரில் அழுத்தம் கூடினால் உராய்வுக் குணகம், அதாவது எடைக்கு எவ்வளவு பிடிப்பு என்ற விகிதம், சற்றுக் குறையும். பாடப்புத்தகத்தில் உராய்வு பரப்பளவைச் சார்ந்ததல்ல என்று படித்திருப்பீர்கள். ரப்பரிடம் அது முழுதாகச் செல்லாது. ஆகவே அகலமான டயர் உண்மையிலேயே உதவும். பள்ளம் வெட்டிய டயர் கம்பளத் தரைக்கு நல்லது, இந்தக் களத்துக்கு மொட்டை டயர்தான் சரி.

என் தேர்வு, அச்சில் ஊற்றி வார்க்கும் பாலியூரித்தேன். சக்கரத்தில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், சுலபத்தில் கிழியாது. ஆனால் ஈரம் பட்டால் குமிழி வரும், அச்சோடும் ஒட்டிக்கொள்ளும், அதனால் அச்சில் விடுவிப்பு மெழுகு தடவ வேண்டும். இது இரண்டு திரவமாக வரும்; அவற்றைத் தராசில் எடை போட்டே கலக்குங்கள், கண்ணளவு வேண்டாம். சிலிகோன் வேலைக்கு எளிது, பிடிப்பும் நன்று. என்ன சிக்கல் என்றால், அதன் மேல் எந்தப் பசையும் எளிதில் ஒட்டாது. சக்கரத்தில் துளைகளும் பள்ளங்களும் விட்டு, சிலிகோன் அவற்றுக்குள் ஓடி மாட்டிக்கொள்ளும்படி வடிவமைக்க வேண்டும். பிளாட்டினத்தால் இறுகும் சிலிகோனைக் கலக்கும்போது லேடக்ஸ் கையுறை கூடாது; கந்தகம் பட்டால் இறுகவே இறுகாது. கடையில் வாங்கும் ரப்பர் டயர் அவசரத்துக்கு ஓகே.

எது வென்றது என்று வாயால் விவாதிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். சக்கரத்தை டேப் போட்டு அசையாமல் கட்டி, களத்தின் அதே பரப்பில் வைத்து, ஸ்பிரிங் தராசால் கிடைமட்டமாக இழுங்கள். வழுக்கத் தொடங்கும்போது காட்டும் எடையை ரோபோவின் எடையால் வகுத்தால் ஏறக்குறையக் குணகம் வந்துவிடும். பிளேடும் தரையில் உரசினால் எண் துல்லியமாக இருக்காது, பரவாயில்லை, டயர்களை ஒப்பிட அதே ஏற்பாடு போதும். நல்ல டயரில் 1-க்கு மேலும் வரலாம், தராசு பழுது என்று நினைக்க வேண்டாம்.

அதே டயரைத் துடைத்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். பொருளை மாற்றியதைவிடப் பெரிய வித்தியாசம் சில சமயம் இதில்தான் தெரியும். மென்மையான டயர் தூசியை வாரி இழுக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு இறக்குங்கள். பசை தடவும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். பல போட்டிகளில் ரோபோவை ஏ4 தாளின் மேல் வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். தாள் கூடவே வந்தால் வெளியே போக வேண்டியதுதான்.

இதெல்லாம் ஆன பிறகு மோட்டாருக்கு வாருங்கள். குணகம் 1, சக்கர ஆரம் 15 மி.மீ. என்றால், 500 கிராமும் சக்கரத்தின் மேலேயே இருந்தாலும் வழுக்கும் எல்லைக்குத் தேவையான முறுக்குவிசை (சக்கரத்தைத் திருகும் வலு) மொத்தம் 0.75 கிலோ-செ.மீ., ஒரு சக்கரத்துக்குச் சுமார் 0.4. மோட்டார் சுமை தாங்காமல் அடியோடு நிற்கும்போது தரும் முறுக்குவிசை இதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கட்டும். இல்லையென்றால் புது டயர் வழுக்காது, மோட்டார் நின்றுபோகும். அப்போது பாயும் மின்னோட்டத்தில் மோட்டாருக்கு மின்சாரம் விடும் டிரைவர் சிப்தான் முதலில் சூடாகும்.