வாசகர் கேள்வி – பதில்: வளவில் மாட்டிய முகங்களும் நம் முகமும்

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். ஊரில் எங்கள் நகரத்தார் வீட்டு வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) மாட்டியிருக்கும் முன்னோர் படங்களைப் போலவே உடுத்தி, அதே வீட்டில் என்னை நானே படமெடுத்துத் தொகுக்க ஆசை. எனக்கு அப்பத்தாவின் பெயரைத்தான் இட்டிருக்கிறார்கள். ஆனால் ஐயாக்களின் (தாத்தாமாரின்) படங்கள் நிறைய இருக்க, அப்பத்தாவுக்கு ஒரே ஒரு படந்தான் உண்டு. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, தேவகோட்டை

பதில்: அந்த ஒற்றைப் படத்திலிருந்தே தொடங்குங்கள். கண்டாங்கிச் சேலையும் கழுத்திரு என்னும் திருமணக் கழுத்தணியும் அணிந்து நின்றால் மட்டும் போதாது. விசாரித்து அறியாமல் எடுத்தால் அது மாறுவேடப் போட்டியோடு நின்றுவிடும். அவர் உட்கார்ந்திருக்கிறாரா, ஐயா உட்கார்ந்திருக்கப் பக்கத்தில் நிற்கிறாரா, கைகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் நிதானமாகப் பாருங்கள். அக்காலத்தில் படம் பதிந்த கண்ணாடிப் பிளேட்டுகளில் பெரும்பாலானவை சிவப்பு நிறத்தை உணராதவை. ஆகவே படத்தில் கறுப்பாகத் தெரியும் சேலை உண்மையில் அரக்குச் சிவப்பாக இருந்திருக்கலாம். மேனியும் உள்ளதைவிடக் கறுத்துப் பதிந்திருக்கலாம். புதிதாகச் சேலை எடுப்பதற்கு முன் பெட்டகத்தைத் திறந்து பார்ப்பதும், அவரை நேரில் கண்ட வயதான ஆச்சிமார் யாரேனும் இருந்தால் கேட்பதும் நல்லது.

ஐயாக்களின் படங்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களுக்கு ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் ஸ்டுடியோக்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. வீட்டைக் கட்டிக் காத்த பெண்களோ பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். ஆதலால் அப்பத்தாவைச் சுவரில் தேடுவதைவிடச் சிட்டைகளிலும் சாமான்களிலும் தேடுவதே பலன் தரும். திருமணத்தின்போது எழுதிய சீர்க் கணக்கு அகப்பட்டால், அவர் என்னென்ன கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தார் என்பது வரிசையாகத் தெரியும். அந்தப் பித்தளை, வெண்கலச் சாமான்கள் சில இன்னும் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் இருக்கக்கூடும். அவற்றின் விளிம்பில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரெழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். அது அப்பத்தாவின் பெயராக இருந்தால் தங்கள் பெயரும் அதுவே. அந்தப் பாத்திரத்தை, எழுத்து தெரியும்படி கையில் பிடித்துத் தாங்கள் நிற்கும் ஒரு படம், நகைகள் பூண்டு எடுக்கும் பத்துப் படங்களைவிட உறவைத் தெளிவாகச் சொல்லும் என்பது என் எண்ணம்.

எடுக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். கையை நீட்டிச் செல்ஃபி எடுக்க வேண்டாம். மிக அருகிலிருந்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது ஒடுங்கி, முகவாட்டமே மாறிவிடும். பிறகு சாயலை ஒப்பிட வழியில்லை. சில போன்களின் முன்புறக் கேமரா இடவலம் மாற்றிச் சேமிப்பதால் மூக்குத்தியும் முந்தானையும் எதிர்ப்பக்கம் போய்விடும். முக்காலியில் பொருத்தி, 2 மீட்டர் தள்ளி நின்று, பின்புறக் கேமராவில் டைமர் வைத்து எடுங்கள். முற்றத்தில் வெயில் நேராக இறங்காத காலை நேரத்தில், அதையொட்டி மேடைபோல் உயர்ந்திருக்கும் பட்டாலையில் பக்கவாட்டு வெளிச்சம் மிருதுவாகக் கிடைக்கும்.

ஒரு நாளில் முடித்துவிட எண்ணாதீர்கள். ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லின் தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில் (1870–1954) பல பத்தாண்டுகள் தம்மைத் தாமே படமெடுத்து வந்தார். அப்படங்களில் அவருடைய இளமையும் முதுமையும் அடுத்தடுத்து நிற்கின்றன. தாங்களும் முன்னோரை வணங்கும் படைப்புக்காகப் பங்காளிகள் கூடும்போதெல்லாம் ஒரு படம் எடுத்து வரலாம். ஆனால் படைப்புக்கான பொருள்களை வைக்கும் பேழையைப் படத்தில் சேர்ப்பதானால் பங்காளிகள் அனைவரின் சம்மதமும் வேண்டும்.

கேள்வி: பாட்டையாவின் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தெடுத்து, அதன் பக்கத்தில் நின்று என்னைப் படமெடுக்கலாமா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: பிரிக்கவே கூடாது, பிம்பம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். ஈரத்துணியும் ஆகாது. ஃப்ளாஷ் இல்லாமல், எதிரே கறுப்புத் துணி பிடித்துப் பிரதிபலிப்பை மறைத்து, சட்டத்தோடு சேர்த்தே எடுங்கள்.

கேள்வி: அப்பாவைப் பெற்ற ஐயா, பிள்ளை கூட்டி வந்தவர், அதாவது இந்த வீட்டுக்குத் தத்து வந்தவர். வளவில் உள்ள எந்த முகத்திலும் என் சாயல் இல்லை. என் தொகுப்பில் யாரை முன்னோராக வைப்பது?
— வாசகர், கொத்தமங்கலம்

பதில்: இரு வீட்டாரையும் வையுங்கள். தங்கள் கேள்வியில் ஒரு வருத்தம் தெரிகிறது; அதற்கு இடமே இல்லை. முகச்சாயல் ஐயா பிறந்த வீட்டிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் தங்கள் குடும்பம் எந்த வீட்டின் புள்ளி (நகரத்தாரில் ஒரு குடும்பக் கணக்கு), எந்தப் படைப்பில் கும்பிடுகிறது என்பதெல்லாம் அவர் வந்த வீட்டால் அமைந்தவை. வளவில் உள்ள படத்தின் கீழ் நின்று ஒன்றும், ஐயா பிறந்த வீட்டார் இசைந்தால் அங்கே அதே தூரத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொன்றும் எடுத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள். படங்களின் கீழே ‘பிறந்த வீடு’, ‘வந்த வீடு’ என்று வெளிப்படையாகவே எழுதலாம். அதற்கு முன், பிள்ளை கூட்டிய விவரம் தங்கள் வீட்டு இளையவர்களுக்குத் தெரியுமா என்று அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் அவர் வாயால் சொல்லிய பிறகு தொகுப்பைக் காட்டுங்கள்.