வாட்ச்மேன் வெட்ட வந்தது வீட்டுக்குள்ளா, வெளியிலா?

கேள்வி: 2022-ல் நாலு பையன்கள் ராத்திரி ஒரு எஸ்டேட் பங்களாவின் பூட்டை உடைத்துத் திருடப் புகுந்தார்கள். அரிவாளோடு வந்த வாட்ச்மேனை ஒருவன் கம்பியால் அடிக்க, அவர் இறந்துவிட்டார். என் மகன் அடிக்கவில்லை, கூடப் போனவன். செஷன்ஸ் கோர்ட்டில் நாலு பேருக்கும் ஆயுள். 'வெட்ட வந்தார், தற்காப்புக்காக அடித்தோம்' என்று அப்பீலில் சொல்லலாமா? அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் முடியாது என்கிறார்.
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அம்மா, அவர் சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கே பல மாநிலங்களில் திருடப் போன இடத்தில் உயிர் போனால் கூடப் போனவனும் கொலைக் குற்றவாளிதான். தற்காப்பு வாதம் பெரும்பாலும் எடுபடாது. இங்கிலாந்து அந்த விதியை 1957-லேயே எடுத்துவிட்டது.

நம் சட்டம் வேறு மாதிரி கேட்கும்: அரிவாளைத் தூக்க வாட்ச்மேனுக்கு உரிமை இருந்ததா? ராத்திரியில் பூட்டை உடைத்துப் புகுந்தவனை, தேவைப்பட்டால் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தடுக்கலாம் என்கிறது, 2022-ல் அமலில் இருந்த இ.பி.கோ.வின் 103-வது பிரிவு. அவர் செய்தது குற்றமே இல்லையென்றால், அதற்கு எதிராகத் தற்காப்பும் கிடையாது. காவலுக்கு நின்ற மனிதர் செத்திருக்கிறார். அதை மறந்து எழுதும் அப்பீல் நிற்காது.

ஒரு வழி உண்டு. பையன்கள் எதையும் எடுக்காமல் வெளியே ஓடிய பிறகும் தேயிலைச் செடிகளுக்குள் துரத்தி வந்து வெட்டினாரா? வீட்டுக்குள் அத்துமீறல் நீடிக்கும் வரைதான் அவருக்கு அந்த உரிமை. அதனால் சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரையும், அந்த இடத்தின் மாதிரி வரைபடத்தையும் முதலில் பாருங்கள். ரத்தக்கறையை எங்கே எடுத்தார்கள், ஹால் தரையிலா, செடிக்கடி மண்ணிலா? அப்புறம், கைதானபோது அரசு மருத்துவமனையில் எழுதிய காயச் சான்றிதழ். பையன்கள் உடம்பில் வெட்டுக்காயம் இருந்து, அரசுத் தரப்பு அதை விளக்காமல் விட்டிருந்தால் அது பெரிய விஷயம். விசாரணையில் தற்காப்பு என்று யாரும் சொல்லாவிட்டாலும், சாட்சியத்திலேயே தெரிந்தால் கோர்ட் பார்க்கலாம். முன்ஷி ராம் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இல்லாத வெட்டை இப்போது சேர்க்காதீர்கள்.

உங்கள் மகனுக்கு இதைவிட வலுவான வாதம், கொல்லும் பொது எண்ணம் அவனுக்கு இல்லை என்பதுதான். 302-உடன் 34, அதாவது பொது எண்ணத்தோடு சேர்ந்து செய்த கொலை என்ற குற்றச்சாட்டு, அதில் உடையலாம். ஆனால் ராத்திரியில் பூட்டை உடைத்துப் புகுந்தவர்களில் ஒருவன் உயிரைப் பறித்தால் வரும் 460-வது பிரிவு விடாது, கூடப் போன எல்லோருக்கும் ஆயுள், அல்லது 10 ஆண்டு வரை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் போராட வேண்டும்.

தீர்ப்பிலிருந்து 60 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட வேண்டும். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இலவச சட்ட உதவி எண் 15100-க்கு இன்றே போன் செய்யுங்கள்.