கொஞ்சம் கறுப்பு

அன்புள்ள ஐயா,

ஐ.சி.எஃப். (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டிகளை மாடலாகச் செய்வதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), நீலம் வருவதற்கு முன்பிருந்த மெரூன் நிறத்தில், 2021 ஊரடங்கில் மூன்று பெட்டிகள் முடித்தேன். இப்போது நான்காவது தயார். போன வாரம் பெயிண்ட் அடித்துப் பக்கத்தில் வைத்தால் சேரவே இல்லை. பழையவை பீட்ரூட் நிறம், இது செங்கல் நிறம். கலவையை நோட்டில் குறித்துத்தான் வைத்திருந்தேன்: ‘ஹல் ரெட் 10 சொட்டு, ரெட் 4, பிளாக் 1.’ அதே கம்பெனி, அதே நம்பர். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் பெயிண்டராக இருந்தவர். “நோட்டைப் பாத்தாடா பெயிண்ட் அடிப்பாங்க?” என்று சிரிக்கிறார். நீங்கள் எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்? எக்செல் போதுமா?

(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. முப்பது வருஷம் கண்ணளவில் கலந்தவருக்கு நோட்டு எதற்கு? நமக்கு அந்தக் கண் இல்லை. வருஷத்துக்கு ஒரு பெட்டி முடித்தாலே பெரிய விஷயம். அதனால் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் எழுதுகிற லட்சணத்தைப் பார்க்க வேண்டும். என் முதல் நோட்டில் ஒரு வரி இருக்கிறது: ‘போன தடவை மாதிரியே, கொஞ்சம் கறுப்பு கூட.’ போன தடவை என்பது எது என்று அந்த நோட்டில் எங்கேயும் இல்லை. கொஞ்சம் என்பது எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். மறுபடி பெயிண்ட் அடிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். பழைய மூன்றுக்கும் மேலே வார்னிஷ் பூசியிருப்பீர்கள், நான்காவதற்கு இன்னும் பூசியிருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம். உங்கள் ஹல் ரெட் டமியா கம்பெனியுடையது என்றால், அதன் எக்ஸ்.எஃப். வரிசை பெயிண்ட் பளபளப்பில்லாதது; காய்ந்ததும் சாக்பீஸ் பூத்த மாதிரி வெளிறித் தெரியும். வார்னிஷ் ஏறினால்தான் நிறம் ஆழமாகும். சோதனை சுலபம். பெட்டியின் முனைச் சுவரில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஈரம் பட்ட இடம் பீட்ரூட் பக்கம் நகர்ந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதி பிரைமர், அதாவது நிறத்துக்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சு. உங்கள் குறிப்பில் அது இல்லவே இல்லை. சிவப்பு பெயிண்டுக்கு மறைக்கிற சக்தி குறைவு. அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் இருட்டாக, கொஞ்சம் ஊதா சாயலோடு வரும். ரெட் ஆக்சைடு பிரைமர் மேல் அதே கலவையை அடித்தால் சூடாக, செங்கல் பக்கமாக வரும். ஊரடங்கில் கிடைத்த பிரைமரும் இப்போது வாங்கியதும் ஒன்றுதானா?

அப்புறம் சொட்டு. சொட்டு ஓர் அளவே இல்லை. எந்தக் குழாயில் விட்டீர்கள், பெயிண்ட் எவ்வளவு கெட்டியாக இருந்தது, பாட்டிலை அடிவரை கலக்கினீர்களா என்பதைப் பொறுத்து அது மாறும். பத்துச் சொட்டு சிவப்பில் ஒன்று கூடினால் தெரியாது. கறுப்பில் அரைச் சொட்டு பெருத்தால் பெட்டியே மாறிவிடும். 0.01 கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு, நகைக்கடை மாதிரி, சில நூறு ரூபாய்தான். தராசில் ஒரு மூடியை வைத்து அதில் ஒவ்வொரு நிறமாக ஊற்றும்போது எடையைக் குறியுங்கள். தின்னரைத் தனி வரியில் எழுதுங்கள், எந்தத் தின்னர் என்பதோடு.

எக்செல் தாராளமாகப் போதும், எழுத்துக்கு. நிறத்துக்குப் போதாது. போன் போட்டோவும் உதவாது, விளக்குக்குத் தக்கபடி அது தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திக்கொள்ளும். நான் செய்வது இது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுவேன். பெட்டிக்கு அடித்த அதே பிரைமர், அதே கலவை, அதே நாள். பாதித் துண்டை டேப் ஒட்டி மறைத்துவிட்டு மீதிப் பாதிக்கு மட்டும் வார்னிஷ். பின்பக்கம் தேதி, எடைகள், எத்தனை கோட்டிங், ஏர்பிரஷ் அழுத்தம், வானிலை. வானிலை எதற்கென்றால், ஓர் ஐப்பசி மழையில் அடித்த லாக்கர் வார்னிஷ் எனக்கு வெள்ளையாகப் பூத்துவிட்டது. காரணம் புரிய ஒரு வருஷம் ஆனது. துண்டுகளைக் கறுப்புக் கவரில் போட்டு அலமாரியில் வைக்கிறேன். அடுத்த பெட்டிக்குக் கலக்கும்போது நோட்டைவிட அந்தத் துண்டைத்தான் நம்புவேன், அதுவும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து.

கம்பெனி நம்பரை நம்பி எழுதினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்க ரயில் மாடல்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஃப்ளோக்வில் பெயிண்டில்தான் கணக்கு வைத்திருந்தார்கள். ரயில் கம்பெனிகளின் நிறங்களே பாட்டிலில் வரும். 2013இல் அது நிறுத்தப்பட்டது. ‘அதில் இரண்டு பங்கு, இதில் ஒரு பங்கு’ என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்தவர்கள் கையில் பெயர்கள் மட்டும் மிஞ்சின. பெயரை வைத்து நிறத்தைப் பிடிக்க முடியாது. 1870களில் இங்கிலாந்தின் பிரைட்டன் ரயில்வேயில் வில்லியம் ஸ்ட்ரவுட்லி தன் இன்ஜின்களுக்கு அடித்த நிறத்தின் பெயர் ‘மேம்பட்ட இன்ஜின் பச்சை’. நேரில் அது மஞ்சள் காவி! மனிதருக்கு நிறக்குருடோ என்றுகூடப் பேசியிருக்கிறார்கள்.

பெயிண்டோடு மற்ற சில்லறையையும் அதே துண்டின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்: கைப்பிடிக் கம்பி எத்தனை மில்லிமீட்டர், கூரைச் சாம்பல் எது, எழுத்து டிகால் (ஒட்டுப்படம்) எங்கே அச்சடித்தது. ஒரு கைப்பிடி உடைந்தபோது நான் 0.5 கம்பி வாங்கி வந்தேன். துளை 0.4.

இதெல்லாம் நம் கண்டுபிடிப்பும் இல்லை. நிஜப் பெட்டியின் முனைச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பணிமனையில், எந்த மாதம் பி.ஓ.எச். (குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்யும் முழுப் பராமரிப்பு) முடிந்தது, திரும்ப எப்போது வர வேண்டும் என்று ஸ்டென்சிலில் எழுதியிருக்கும். ரயில்வே தன் குறிப்பைப் பெட்டி மேலேயே வைத்துக்கொள்கிறது. நானும் மாடலின் அடித்தளத்துக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுகிறேன்: துண்டின் எண், தேதி. அலமாரியே தொலைந்தாலும் பெட்டியைத் திறந்தால் கிடைக்கும்.

தண்ணீர், வார்னிஷ் எல்லாம் பார்த்தும் நான்காவது பெட்டி சேரவில்லை என்றால் அப்பாவிடம் போய் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் காலத்தில் எந்த வண்டியிலாவது எல்லாப் பெட்டியும் ஒரே மெரூனாக இருந்ததா? ஒன்று போன மாதம் பெயிண்ட் அடித்தது, பக்கத்துப் பெட்டி மூன்று வருஷம் வெயிலில் காய்ந்தது. ஆகவே பழைய மூன்றின் முனையிலும் பொன்மலையின் ஜி.ஓ.சி. குறியீட்டைப் போடுங்கள். செங்கல் நிறப் பெட்டிக்கு மட்டும், வேறு பணிமனையில் பெயிண்ட் அடித்தது என்று, பெரம்பூரின் பி.இ.ஆர். குறியீட்டைப் போடுங்கள். எழுத்து அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். அதை அப்பாவையே எழுதித் தரச் சொல்லிப் பாருங்களேன்.